எர்லீன் போட்ட சத்தம்

கிராண்ட் லிவெட் ஊரில் நெல் அறுப்பு முடிந்த கையோடு அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சி தொடங்கிவிடும். ஆகஸ்ட் மாதம். அறுத்த தாளிலிருந்தே மறுபடி துளிர்க்கிற மறுதாம்புக்காக வயல்களில் திரும்பத் தண்ணீர் கட்டியிருப்பார்கள். வெயில் ஏற ஏற அந்தத் தண்ணீர் சூடாகி, ஊர் முழுக்க ஆவி பிடித்தது போலப் புழுங்கும். அந்தப் புழுக்கத்தில் தலைக்கவசமும் தோள்கட்டும் மாட்டிக்கொண்டு கல்லூரிப் பையன்கள் மைதானத்தில் ஒருவரையொருவர் மோதிக்கொண்டிருப்பார்கள். மோதுகிற சத்தத்துக்கு மேலே ஒரு மனிதக் குரல் எழும்பும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெல் ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு, "கோமோ இன்னிக்குப் பசங்களைக் காய்ச்சுறாரு" என்று சிரிப்பார்கள்.

இந்த ஆகஸ்டில் ஆலைக்காரர்களுக்கு அந்தக் குரல் கேட்கவில்லை.

ராய்ஸ் கோமோவுக்கு ஜனவரிக் குளிரில் தொண்டை கட்டியது. வருஷா வருஷம் கட்டுவதுதான், தேனும் எலுமிச்சையும் போதும் என்று இருந்துவிட்டார். வசந்தத்தில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் புற்று என்றார். வெட்டி எடுத்தார்கள், மிச்சத்தைக் கதிர் வைத்துச் சுட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் குரல் திரும்பவில்லை. பேசினால் காய்ந்த சருகில் யாரோ நடப்பது போல ஒரு சத்தம் வரும். பக்கத்தில் நின்றால்தான் அது பேச்சு என்று தெரியும்.

அவருடைய மனைவி எர்லீன் மைதானத்து வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தூக்கு. அதில் வெண்ணெய் போட்டுத் தளதளவென்று கிண்டிய சோளக்கஞ்சி. கெட்டியாக எதுவும் அவருக்கு இறங்குவதில்லை. ஊர் ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் தலைமைச் சமையல்காரி அவள். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இப்போது நேரே இங்கேதான் வருகிறாள்.

இத்தனை வருஷமாக அவள் மைதானத்துப் பக்கம் வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஆட்ட நாளில் வருவாள், மற்ற மனைவிமார்களோடு உட்கார்ந்து கைதட்டுவாள். ஆனால் அவளுக்கு அந்த ஆட்டத்தின் மேல் ஒரு கோபம் இருந்தது. துணைப் பயிற்சியாளரின் பிழைப்பு அப்படி. தலைமைப் பயிற்சியாளர் தோற்றால் அவரோடு சேர்ந்து எல்லாத் துணைகளும் வீட்டுக்குப் போக வேண்டும். ஜெயித்தால் அவர் பெரிய கல்லூரிக்குப் போய்விடுவார், அடுத்து வருகிறவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார், அப்போதும் வீட்டுக்குத்தான். ஆர்கன்சா, டென்னசி, கான்சஸ், டெக்சஸின் புழுதிக்காடு என்று அவள் குடித்தனம் வைக்காத மண் இல்லை. திரைச்சீலை தைத்து மாட்டிய வீட்டில் அடுத்த கோடை இருந்ததில்லை. மகள் லீசாவிடம் சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், "எந்த வருஷம்?" என்று திருப்பிக் கேட்பாள். கடைசியில் ஒருவழியாக எர்லீன் பிறந்த மண்ணிலேயே வேலை கிடைத்தது. வந்த அன்றே பின்கட்டில் ஒரு ஆரஞ்சுக் கன்றை நட்டாள். "இதுல காய் பறிச்சுத் தின்னுட்டுத்தான் நான் சாவேன் ராய்ஸ். இனிமே என்னை யாரும் நகத்த முடியாது" என்றாள். அவரும் தலையாட்டினார்.

மைதானத்தில் ராய்ஸ் தன் ஐந்து பையன்களோடு நின்றிருந்தார். அந்த ஆட்டத்தில் முட்டை வடிவப் பந்தை வீசுகிறவனுக்கும் அதைப் பிடித்து ஓடுகிறவனுக்கும்தான் பேர். அவர்களுக்கு முன்னால் ஐந்து மலைகள் குனிந்து நிற்கும். பாய்ந்து வருகிற எதிரிகளை நெஞ்சு கொடுத்து நிறுத்துவது அந்த ஐந்து பேரின் வேலை. நடுவில் நிற்கிறவன் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் தள்ளுவான். அதோடு பந்துக்கும் அவர்களுக்கும் உறவு முடிந்தது. அந்த முன்வரிசைக்குத்தான் ராய்ஸ் பயிற்சியாளர். வாலிபத்திலிருந்து அதைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை.

இப்போது அவர் கையை ஆட்டுகிறார், தட்டுகிறார், ஒருவன் காதருகே போய்ச் சொல்லிவிட்டு அடுத்தவனிடம் ஓடுகிறார். விசில் ஊதுகிற அளவுக்கு மூச்சு இல்லை. வேறொருவர் ஊதினாலும், விசில் நிறுத்தத்தான் சொல்லும், எதைத் திருத்துவது என்று சொல்லாது. கவசத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு குனிந்து நிற்கிறவனுக்குக் காதுதான் கண். அந்தக் காதுக்கு ராய்ஸிடம் கொடுக்க எதுவும் இல்லை.

அன்றைக்குத்தான் அது நடந்தது. அந்த ஐந்து பேரில் கோடி வின்சன்ட் என்கிற பையனின் கவசம் மோதலில் கழன்று உருண்டது. அதை எடுக்க அவன் மண்டியிட்டான். எதிரே இருந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை, அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராகிவிட்டார்கள். ராய்ஸ் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினார். யாரும் திரும்பவில்லை.

எர்லீன் எப்போது காரை விட்டு இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

"நில்லுங்கடா அங்கயே!"

மைதானம் முழுக்க நின்றது. கடைசி மூலையில் உதைத்துப் பழகிக்கொண்டிருந்தவன் தூக்கின காலோடு நின்றான். அந்தப் பக்கம் பழகிக்கொண்டிருந்த வாத்தியக்குழுக்காரர்கள் வாசிப்பை நிறுத்தினார்கள். ஆலைப் பக்கத்தில் யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள். எர்லீனின் அப்பா நெல் விவசாயி. தண்ணீர் இறைக்கிற என்ஜின் ஓடும்போது வயலுக்கு அந்தக் கரையில் இருக்கிறவரைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. பிறகு வருஷக்கணக்காக, கரண்டியும் தட்டுமாய் இரைகிற பள்ளிப் பிள்ளைகளை அடக்கிப் பதப்பட்டது.

கோடி மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தான். கவசத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தேங்க்யூ மேம்" என்றான்.

மறுநாள் சாயங்காலம் தலைமைப் பயிற்சியாளர் ட்ரெண்ட் கார்வர் வீட்டுக்கு வந்தார். ராய்ஸை விட வயதில் ரொம்பச் சின்னவர். எர்லீன் சோறு வடித்து, வெண்டைக்காயைத் தக்காளியோடு நெடுநேரம் வதக்கி, பன்றிக்கறித் துண்டு போட்டு வைத்திருந்தாள். ராய்ஸுக்கு மட்டும் அதையே மசித்து ஒரு கிண்ணத்தில். வெளியே இடி உறுமிக்கொண்டிருந்தது, மழைதான் வரவில்லை.

"மிஸ் எர்லீன், இந்த மாதிரி வெண்டைக்காய் எங்கம்மா கைக்குக்கூட வராது" என்று, மூத்த பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற அந்தப் பக்கத்து முறையில் சொல்லி, ட்ரெண்ட் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

"சாப்பாட்டைப் புகழ்ந்தது போதும். வந்த சேதியைச் சொல்லு. வயித்துக்குள்ள வச்சிருந்தா செரிக்காது."

ட்ரெண்ட் கரண்டியை வைத்தார். "கோச், மேல பேசறாங்க. நேத்து கோடி விஷயம் காதுக்குப் போயிடுச்சு. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா யாரு பதில் சொல்றதுன்னு கேக்கறாங்க. உங்களை மைதானத்துலருந்து எடுத்து, படம் பாக்கற அறையில உக்கார வைக்கலாம்னு. எதிரணியோட ஆட்டத்தைப் போட்டுப் பாத்துக் குறிப்பு எடுக்கற வேலை. இந்த வருஷத்துக்கு மட்டும்."

இந்த வருஷத்துக்கு மட்டும் என்றால் அடுத்த வருஷத்துக்கு இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். வேலை போனால் வைத்தியத்துக்கான காப்பீடும் போகும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ராய்ஸ் கிண்ணத்தைப் பார்த்தபடி, "சரி" என்றார் அந்தச் சருகுக் குரலில்.

"என்னது சரியா?" எர்லீன் திரும்பினாள். "டென்னசில ஆணி ஏறின காலோட ஆட்டம் முடியற வரைக்கும் நின்ன ஆளு நீ. இப்ப என்ன சரி?"

"அவன் சொல்றது நியாயம் ஷா." அந்தப் பக்கத்தில் பெண்டாட்டியை அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்கள். "பையன் கழுத்து ஒடிஞ்சிருக்கும்."

"ஒடியலயே. ஏன் ஒடியல?"

அவள் நாற்காலியை ட்ரெண்ட் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"ட்ரெண்ட், உங்களுக்கெல்லாம் இவரு தலைக்குள்ள இருக்கறது வேண்டாமா, வெறும் சத்தம்தான் வேணுமா? சத்தம்தான் குறைச்சல்னா அதை நான் போடறேன். இவரு பக்கத்துல நிக்கறேன். இவரு சொல்லட்டும், நான் கத்தறேன்."

ராய்ஸ் வேகமாகத் தலையை ஆட்டினார். "பசங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். என் கூடத்துல ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைங்க என்னைப் பாத்துச் சிரிக்குதுன்னு உனக்குத் தெரியுமா? அதுங்களும் என் சோத்தைத் தின்னுட்டுத்தானே வளருது?"

ட்ரெண்ட் சோற்றைப் பார்த்தார், ராய்ஸைப் பார்த்தார். "ஒரு வாரம்" என்றார். "சம்பளமில்லாத உதவியாள்னு ஒரு அடையாள அட்டை வாங்கித் தர்றேன். ஒரு வாரம் ஓடலேன்னா, மிஸ் எர்லீன், அப்பறம் என்னைத் திட்டக்கூடாது."

"திட்ட மாட்டேன். இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கோ."

பையன்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். சமையல்கூடத்து வெள்ளை மேலுடுப்போடு, தலையில் வைக்கோல் தொப்பியோடு, கொசுக்கடிக்குப் பயந்து முழங்கால் வரை சேற்று பூட்ஸோடு ஒரு அம்மாள் பயிற்சியாளர் பக்கத்தில் வந்து நின்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? முதல் இரண்டு நாள் எதுவும் சரியாக வரவில்லை. ராய்ஸ் சொல்வதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. புரியாததை அப்படியே கத்தினாள். பையன்கள் வேறெங்கோ ஓடினார்கள். இன்னொரு தொல்லை, ராய்ஸின் வாய். மைதானத்துக்குள் கால் வைத்தால் அவர் வாயில் ஒரு நல்ல வார்த்தை வராது. அது இத்தனை வருஷமாக வேலிக்கு வெளியே இருந்த அவளுக்குத் தெரியவே தெரியாது.

"ராய்ஸ்! இதையா அந்தப் பிள்ளைங்ககிட்ட தினமும் சொல்லிக்கிட்டிருந்தே?"

"சொல்லு, சொல்லு, நேரம் போகுது."

எர்லீன் மூச்சை இழுத்தாள். "கோடி! கோச் சொன்னதை நான் அப்படியே சொன்னா ஞாயித்துக்கிழமை என்னைத் தேவாலயத்துக்குள்ள விட மாட்டாங்க! உன் பின்பக்கத்தைத் தாழ்த்தணுமாம்! நாற்காலி இல்லாத எடத்துல உக்கார்ற மாதிரி!"

ஐந்து பேரும் வெடித்துச் சிரித்தார்கள். கோடி சிரித்துக்கொண்டே தாழ்ந்தான். தாழ்ந்தவன் மேல் வந்து மோதியவன் பின்னால் போய் விழுந்தான். ராய்ஸ் கையைத் தட்டினார்.

அதிலிருந்து அவளுக்கு வழி பிடிபட்டது. ராய்ஸின் வசவை அவள் சமையலாக்கினாள். 'மாவு பிசையற மாதிரி உள்ளங்கையால தள்ளு'. 'கொதிக்கிற அண்டாவைத் தூக்கிட்டுப் போற மாதிரி நட, காலைத் தூக்காதே, தேய்ச்சு வை'. 'ரெண்டு பேருக்கும் நடுவுல சந்து விடாதே, எலி வந்துடும்'. நடுவில் நிற்கிற டேரியஸ் பிக்கெட்தான் முதலில் சிரிப்பை நிறுத்தியவன். நாலாவது வருஷப் பையன், சாந்தமானவன். அவனுடைய அம்மா நோலா கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணற்று மேடையில் சமையல்காரி. பல வாரம் கடலில், சில வாரம் கரையில் என்று இருப்பவள். அவன் ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்தபோது சொன்னான்: "மிஸ் எர்லீன், போன வருஷம் கோச் இதையேதான் சொன்னாருன்னு இப்பத்தான் தெரியுது. அப்ப பயத்துல காதுல ஏறல."

"அவரு காதுல விழற மாதிரி சொல்லாதே" என்றாள் எர்லீன்.

ஆனால் ராய்ஸ் கேட்டுவிட்டார். உதட்டோரம் லேசாகக் கோணியது. அது சிரிப்பா வருத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் முடிந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ட்ரெண்ட் அவளுக்கு அணியின் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வைக்கோல் தொப்பியின் மேலேயே அதை மாட்டிக்கொண்டாள்.

செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு விஷயம் என்று முதல் ஆட்டத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. மேலே உட்கார்ந்திருந்தபோது பந்து எங்கே போகிறதோ அங்கே கண் போகும். கூட்டம் எழுந்தால் எழுவாள். இங்கே ராய்ஸின் வாயையும் அந்த ஐந்து பேரின் கால்களையும் தவிர வேறு எதையும் பார்க்க அவளுக்கு நேரமில்லை. கூட்டம் கூரை பிய்கிற மாதிரி கத்தியது. என்னவென்று திரும்பிப் பார்த்தால் தங்கள் பையன் ஒருவன் பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தான். எப்படிப் போனான் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் எப்படிப் போக முடிந்தது என்று தெரியும். டேரியஸ் தன் முன்னால் வந்தவனை, இடுப்புக் குழந்தையைக் கைமாற்றிக் கொடுப்பது போலக் கோடியிடம் கொடுத்துவிட்டு, பின்னால் வந்த இன்னொருவனுக்குப் போய் நெஞ்சைக் கொடுத்தான். கோடி வாங்கிக்கொண்டான். அந்த ஒரு கைமாற்றில் ஒரு கதவு திறந்தது. மைதானத்தில் அதைப் பார்த்தவர்கள் அவளும் ராய்ஸும்தான். அவர் அவளைப் பார்த்தார். அவள் அவருடைய கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இதைத்தான் பாத்துக்கிட்டிருந்தியா, இவ்வளவு வருஷமும்?" என்று ஞாயிறு மத்தியானம் கேட்டாள். தேவாலயம் விட்டு வந்து, பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் மதியச் சமையலுக்கு இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எதை?"

"அந்தக் கைமாத்தை. நான் பந்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன் ராய்ஸ். ஊரோட சேந்து நானும் பந்தைப் பாத்துட்டு, வீட்டுக்கு வந்து, 'நல்ல ஆட்டம்'னு சொன்னேன். நீயும் 'ஆமா'ன்னே. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?"

ராய்ஸ் ஒரு இறாலை எடுத்து உரிக்கத் தொடங்கினார். பேசுவது இப்போது அவருக்கு ஒரு வேலை. ஒவ்வொரு சொல்லையும் மூட்டை மாதிரி இறக்கி வைக்க வேண்டியிருந்தது. "சொன்னா புரியாது ஷா. பாத்தாத்தான்."

"தலைமைப் பயிற்சியாளரா ஆகணும்னு உனக்கு ஆசையே வரலியா? எனக்கு வந்துச்சு. ஒவ்வொரு ஊர்லயும் வந்துச்சு. நீ தலைமை ஆயிட்டா நம்ம விதியை நாமளே பாத்துக்கலாமேன்னு நினைச்சேன்."

"தலைமையா இருக்கறவன் எல்லாப் பையனுக்கும் கை குடுப்பான். பேப்பர்காரன்கிட்ட பேசுவான். பணக்காரங்களோட சாப்பிடுவான்." ராய்ஸ் நிறுத்தி மூச்சு வாங்கினார். "எனக்கு அஞ்சு பேர் போதும். அஞ்சு பேர்னா முழுசாத் தெரியும். எவனுக்கு முழங்கால் வலி, எவன் அப்பா குடிக்கறான், எவன் பயந்தா சிரிப்பான். அதுக்கு மேல தெரிஞ்சு வச்சிக்க எனக்கு மண்டை இல்ல."

எர்லீன் இறால் ஓட்டை வாளியில் போட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. இறால் நாற்றம் என்று சொல்லிக்கொண்டாள்.

அணி ஜெயிக்கவும் இல்லை, அடியோடு தோற்கவும் இல்லை. இரண்டு ஜெயித்தால் மூன்று தோற்றது. முன்வரிசை மட்டும் நின்றது. பந்து வீசுகிற பையன் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சேறு படாத சட்டையோடு வந்து எர்லீனைக் கட்டிக்கொள்வான். எதிரணிக் கூட்டத்தில் சிலர், "பாட்டியைக் கூட்டிட்டு வந்துட்டாங்கடா!" என்று கத்தியதுண்டு. "பாட்டி இல்லடா, உங்கம்மா வயசுதான்! உன் சட்டையைத் துவைச்சுப் போடச் சொல்லு!" என்று அவள் திருப்பிக் கத்தினாள். அந்தப் பக்கத்து ஆட்களே கைதட்டினார்கள். இரவு படுக்கும்போது அவளுக்குத் தொண்டை எரியும். ராய்ஸ் எழுந்து போய் தேனும் எலுமிச்சையும் கலந்து கொண்டுவந்து கொடுப்பார்.

நவம்பரில் உள்ளூர் மைதானத்தில் கடைசி ஆட்டம். அன்றைக்குப் படிப்பு முடித்துப் போகிற பையன்களை அவரவர் தாய் தகப்பனோடு மைதானத்தின் நடுவுக்குக் கூட்டிப் போய்ப் பேர் சொல்லிக் கௌரவிப்பார்கள். நோலா பிக்கெட் அதற்காகவே வேலைமுறையை மாற்றி வாங்கியிருந்தாள். ஆனால் கடல் மேல் மூடுபனி இறங்கிவிட்டது. ஹெலிகாப்டர் கிளம்பவில்லை.

காலையில் எர்லீன் பையன்களுக்காகக் கோழியும் தொத்திறைச்சியும் போட்டு, கம்போ என்கிற கெட்டிக் குழம்பைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மிஸ் எர்லீன்? நான் நோலா, டேரியஸோட அம்மா. இங்க கை நீட்டினா கை தெரியல. பைலட் முடியாதுங்கறான். அவனை அடிக்காத குறையா சண்டை போட்டுட்டேன்."

"ஐயோ நோலா!"

"அழறதெல்லாம் அழுதாச்சு. இப்ப இங்க முட்டை பொரிச்சுக்கிட்டே பேசறேன், ஆளுங்க பசிக்குதுன்னு நிக்கறாங்க. நீங்களும் சமையல்காரிதானே, உங்களுக்குத் தெரியும். ஒரு உதவி கேக்கணும்."

"கேளு."

"என் பிள்ளை தனியா நடக்கக்கூடாது. அவங்கப்பன் எங்க இருக்கான்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். நீங்க அவன் கூட நடங்க. நாலு மாசமா எனக்குப் போன் பண்ணா உங்க பேச்சுத்தான். 'மிஸ் எர்லீன் மாவு பிசையச் சொன்னாங்கம்மா, மிஸ் எர்லீன் அண்டா தூக்கச் சொன்னாங்கம்மா'ன்னு. எனக்குப் பொறாமையாக்கூட இருந்துச்சு. நான் சொன்னப்ப ஒரு அண்டாவைத் தூக்கினதில்ல அவன்."

எர்லீனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உன் எடத்துல நான் நடக்க முடியாது நோலா. உன் பேரைச் சொல்லி வேணா நடக்கறேன்."

"அது போதும். அப்பறம், நல்ல உடுப்பா போட்டுக்குங்க. அந்தச் சேத்து பூட்ஸ் வேண்டாம். அவன் சொல்லியிருக்கான்."

அவள் ஈஸ்டருக்கு வாங்கிய நீல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். ஒலிபெருக்கியில் டேரியஸின் பேரும், 'கடலில் பணியில் இருக்கும் அவருடைய தாயார் நோலா பிக்கெட் சார்பாக' என்ற வார்த்தையும் வந்தபோது, அந்த மலை போன்ற பையன் அவளுக்குக் கையை வளைத்துக் கொடுத்தான். போகும் வழியெல்லாம் எர்லீன் ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதற்குள் நோலாவின் முகம் இருந்தது. கடல் மேடையின் சமையலறையில், தலையில் வலை கட்டி, பின்னால் எண்ணெய்க்காரர்கள் கும்பலாக நின்று எட்டிப் பார்க்க, "நிமிந்து நடடா, நிமிந்து நட!" என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள். நடுக்கோட்டில் நின்ற ராய்ஸ் டேரியஸின் தோளில் இரண்டு கையையும் வைத்து அவன் காதில் ஏதோ சொன்னார். அதை எர்லீன் கேட்கவில்லை. அது உரக்கச் சொல்ல வேண்டியதும் இல்லை. டேரியஸ் முகத்தைக் கவசத்துக்குள் விட்டுக்கொண்டு ஓடிவிட்டான்.

அந்த ஆட்டத்தை மயிரிழையில் தோற்றார்கள். மறுநாள் மழை. மத்தியானத்துக்குள் ட்ரெண்ட் கார்வரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. அவரோடு எல்லாத் துணைப் பயிற்சியாளர்களும்.

ட்ரெண்ட் நனைந்தபடி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "கோச், உங்களைக் காப்பாத்த முடியல."

"நீ ஒரு வாரம் குடுத்தே" என்றார் ராய்ஸ். "குடுக்காம இருந்திருக்கலாம்." ட்ரெண்டின் கையை விடாமல் வெகுநேரம் பிடித்திருந்தார். எர்லீன் மிச்சமிருந்த கம்போவை ஒரு பெரிய டப்பாவில் ஊற்றி ட்ரெண்ட் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு அவர் மழையில் போனார்.

அடுத்த சில வாரங்கள் ராய்ஸ் வேலைக்காக யாருக்கும் போன் செய்யவில்லை. போனில் அவர் குரல் யாருக்குக் கேட்கும்? கூரைத் தகட்டைச் சரிபார்த்தார், கோழிக்கூட்டுக்கு வலை அடித்தார். ஆரஞ்சு மரம் அந்த வருஷம்தான் கொத்துக்கொத்தாகக் காய்த்திருந்தது. எர்லீன் பறித்துப் பறித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். மாலையில் மூன்று மணி ஆனால் அவள் கால்கள் தானாக மைதானத்துப் பக்கம் திரும்பின. திரும்பியதும் நினைவு வந்து, பேசாமல் வீட்டுக்கு வந்தாள். கத்தாமல் இருந்து தொண்டை தேறிவிட்டது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை போன் அடித்தது. வட டகோட்டாவில் ஒரு சின்னக் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர், வேட் லிண்ட்கிரென். ரொம்ப வருஷத்துக்கு முன் கான்சஸில் ராய்ஸிடம் முன்வரிசையில் நின்றவன். எர்லீன் போனை மேசைமேல் வைத்து, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினாள்.

"கோச், எனக்கு முன்வரிசைக்கு ஆள் வேணும். எங்க பசங்களுக்கு உடம்பு இருக்கு, காலை எடுத்து வைக்கத் தெரியல. உங்களைத் தவிர யாரைக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

ராய்ஸ் ஏதோ சொன்னார். எர்லீன் எடுத்துச் சொன்னாள்: "குரல் போன விஷயம் உனக்குத் தெரியுமான்னு கேக்கறார்."

"தெரியும் மிஸ் எர்லீன். நீங்க பண்ணதும் தெரியும், இங்க வரைக்கும் பேசிக்கிறாங்க. நான் கூப்பிடறது ஒருத்தரை இல்ல, ரெண்டு பேரை. சம்பளமும் ரெண்டு பேருக்கும். ஆனா ஒண்ணு, இங்க காத்து பலமா அடிக்கும். ஏப்ரல் வரைக்கும் பனி கிடக்கும். அதையும் சொல்லிடணும்ல?"

ராய்ஸ் போனைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்தார், பிறகு அவளை. அவள் பக்கம் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தார்.

"வேணாம்னு சொல்லிடு. இது உன் ஊரு. நான் உன்னை இழுத்தடிச்சது போதும். இந்த நாலு மாசம் நீ எனக்குக் குடுத்தே பாரு, அதுக்கு மேல நான் ஆசைப்படக்கூடாது. அவனுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லு."

"என்ன சொல்றார் மிஸ் எர்லீன்?" என்றான் வேட்.

எர்லீன் கணவரின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். மேசையில் கை ஊன்றி, போனின் பக்கம் குனிந்தாள்.

"ரொம்ப நன்றிங்கறார்" என்றாள். "எப்ப வரணும்னு கேக்கறார்."

அந்தப் பக்கம் வேட் கான்சஸ் பையனாக இருந்தபோது கத்தியது போலவே ஒரு கத்து கத்தினான். ராய்ஸ் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"நான் அப்படிச் சொல்லலயே ஷா."

"எனக்கு அப்படித்தான் கேட்டுது" என்றாள் எர்லீன். பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "வேட், கேளு. பனியில நின்னு கத்தறதுக்கு உங்க ஊர்ல பொம்பளைங்க கால்ல என்ன போடறாங்க? நல்லதா ஒரு ஜோடி பாத்து வை. என் கால் பெருசு" என்று சொல்லத் தொடங்கினாள்.